தேங்காயெண்ணெ போட்ட ரீல்

உக்காருங்க சம்மந்தி, நின்னுட்டே இருந்தா எப்படீங்க? தூண்டில் ரீலைக் கையில வாங்கிட்டு அப்படியே லிஃப்ட்டுல எறங்கிப் போறதுக்கு நீங்க என்ன கூரியர்க்காரரா? அந்த சோபா வேண்டாம், அது உள்ள போயிரும், எந்திரிக்க முடியாது. இந்தச் சேர்ல உக்காருங்க. வெளிச்சம் இந்தப் பக்கந்தான் வருது. நானும் எதுக்கால உக்காந்து என்ற சோலியப் பாக்கறேன். இன்னும் ரெண்டே திருகுதானுங்க. அதக் கழட்டி, சுத்த வெச்சு, உங்க கையில குடுத்துட்டா எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

இல்லீங்க, கனகவல்லி இல்ல. நீங்க ரீலை வாங்க வர்றீங்கன்னு சொன்னதுமே பையெடுத்துட்டுக் காய் வாங்கப் போயிட்டா. உங்க மேல கோவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா அழுதுருவா, அதுதான் விசயம். உங்கூட்ல சியாமளாம்மா என்ன சொல்லி அனுப்புனாங்க? சரி சரி, சொல்ல வேண்டாம், தெரியுது. ரீலை வாங்கிட்டு ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்காம வந்து சேரணும்னு சொல்லியிருப்பாங்க. அவுங்க பக்கமும் நாயம் இருக்குதுங்க, பொண்ணைப் பெத்தவங்க. நேத்து ஃபேமிலி கோர்ட்டுல பசங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு முடிச்சுட்டு வெளிய வந்தப்ப அவுங்க என்னைய ஏறெடுத்துப் பாக்கல. நானும் வண்டி எங்க நிக்குதுன்னு தேடற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிட்டேன். வண்டி எனக்கு முன்னாடியேதான் நின்னுச்சு.

கேட்டுல எச்சு நேரம் நிக்க வெச்சுட்டானா? அவனத் திட்டாதீங்க, அவன் மேல தப்பில்ல. முன்னெல்லாம் உங்க வண்டி மொனை திரும்பறப்பவே கம்பியத் தூக்கிருவான். இது என்ற பையன் பண்ணுன வேலைங்க. முரளி நேத்துக் கோர்ட்டுல இருந்து நேரா வந்தான், துணியெல்லாம் பெட்டியில போட்டான், பெங்களூர் பஸ்ஸுக்குக் கெளம்பறதுக்கு முந்தி போனை எடுத்து வெச்சுட்டு, யாரைக் கேக்காம உள்ள விடலாம்னு போட்டு வெக்கற அந்த கேட் ஆப்புல இருந்து ஒவ்வொரு பேராத் தூக்கிட்டான். உங்க பொண்ணு தேஜு பேரு, உங்க பேரு, சியாமளாம்மா பேரு. வேலைய விட்டுப் போனவனோட கம்ப்யூட்டரை ஆபீஸ்ல மூடுவாங்கல்ல, அந்த மாதிரி நிதானமாப் பண்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைப் புடுங்கி பால்கனியில இருந்து வீசியிருப்பேன். கனகவல்லிதான் கையப் புடிச்சுக்கிட்டா.

இப்ப நீங்க வந்து நின்னதும் வாட்ச்மேன் எனக்குப் போன் பண்றான். சாப், கோயி ஆயே ஹைன், கௌன் ஹை, ஆள் வந்திருக்குது, யாருன்னு ஆப்புல போடணும், அப்படீங்கறான். சம்தி, அதான் சம்மந்தின்னு சொல்லலாம்னு வாயத் தெறந்தேன். அவன் பீகார்க்காரன், அவுங்க ஊர்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க, சொன்னாப் புரிஞ்சிருக்கும். ஆனா பாருங்க, பாதி வார்த்தையிலயே நிறுத்திட்டேன். நேத்து வரைக்கும் சரி, இன்னிக்கு அப்படிச் சொல்லலாமா கூடாதான்னு சந்தேகம் வந்துருச்சு. ஆப்புல என்ன இருக்குதுன்னு பாத்தா கெஸ்ட்டு, டெலிவரி, டாக்சி, அப்பறம் வேலைக்கு வர்றவங்க. நான் கெஸ்ட்டுன்னு அமுக்கிப்போட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க.

சரி, சோலிக்கு வருவோம். இங்க பாருங்க, இந்தப் பக்கத் தட்டைப் புடிச்சிட்டிருக்கற திருகுலதான் மல்லுக்கட்டிட்டு இருக்கறேன். தட்டு பேக்லைட்டுங்க, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கு, கருப்பா கல்லாட்டந்தான் இருக்குது, ஆனா சுத்தியல்ல ஒரு தட்டு தட்டுனா விரிசல் விட்டுரும். அதனால கொஞ்சம் சூடு காட்டணும், எண்ணெ விடணும், செத்த நேரம் சும்மா வெக்கணும், அப்பறம் மறுபடி சூடு காட்டணும். அவசரப்பட்டா கதை முடிஞ்சுது. முப்பது வருசம் தளேகாவ் ஃபேக்டரியில மெயின்டனன்ஸ்ல இருந்தவன் சொல்றேன், இறுகிப்போனதை இழுத்து ஒடைக்கறவனுக்கு அடுத்த நாள் அதே எடத்துல வேலை இருக்கும்.

இல்ல இல்ல, கையில குடுக்க மாட்டேனுங்க. நீங்க கம்முனு இருங்க, நானே காட்டறேன். இந்தக் கைப்பிடி நட்டு இருக்குதே, இது எடது மறை. ஊர்ல இருக்கற நட்டையெல்லாம் எந்தப் பக்கம் திருப்பிக் கழட்டறமோ, அந்தப் பக்கம் திருப்புனா இது இன்னும் இறுகும். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், என்ற பையனுக்குத் தெரியல. ஒருக்கா, தள்ளுங்கப்பா நானே கழட்டறேன்னு வாங்கி, ஜிம்முக்குப் போற கைய வெச்சு ஒரு முறுக்கு முறுக்குனான். அதக் கழட்டறதுக்குள்ள எனக்குப் பாதி உசுரு போயிருச்சு. நான் போட்ட சத்தத்துல எதுத்த வீட்டு மராட்டிக்கார அம்மா கதவைத் தெறந்து காய் ஜாலா, காய் ஜாலா, என்னாச்சுன்னு கேட்டுட்டு வந்துட்டாங்க.

ஆனா ரீலு மாட்டிக்கிட்டதுக்குக் காரணம் அந்த நட்டு இல்லீங்க. காரணம் நீங்க. ஆமாங்க, நீங்கதான். அந்தப் பக்கம் பாக்காதீங்க. இதுக்குள்ள தேங்காயெண்ணெயக் கொண்டு போய் ஊத்துனது யாரு? சொல்லுங்க. தையல் மிசினுக்கும் அதுதான், கதவுக் கீலுக்கும் அதுதான், பூட்டுக்கும் அதுதான், உங்க தலைக்கும் அதுதான். கோர்படி ரயில்வே காலனியிலயே பொறந்து வளந்தீங்க, ரயில்வேயிலயே வேலை பாத்தீங்க, இந்தியில சண்டை போடறீங்க, மராட்டியில பேரம் பேசறீங்க. எண்ணெய்னு வந்துட்டா மட்டும் கை நேரா அந்த நீல டப்பாவுக்குத்தான் போகுது. மெட்ராஸ்ல உங்க சொந்தக்காரங்க ஊத்துனாச் சரியாப் போகும், அங்க குளுரு ஏது? பூனா மார்கழிக்கு அது உள்ளயே உறைஞ்சு, சித்திரைக்கு உருகி, பழைய கிரீசோட கலந்து, பச்சை புடிச்சு, கோந்தாட்டம் ஆயிருச்சு. நான் மொதல்ல தட்டைத் தொட்டுப் பாக்கறப்ப பலகாரம் சுட்ட சட்டியாட்டம் ஒரு வாசம். இதுக்குப் போய் எங்கூட்ல சிரிக்கறா. அவளும் தேங்காயெண்ணெக் கட்சி.

சிரிச்சீங்க பாருங்க. அப்பாடா. வந்ததுல இருந்து மூஞ்சிய உர்ருனு வெச்சிருந்தீங்க.

இருங்க, ஜன்னலைச் சாத்திப்போட்டு வந்தர்றேன். தூத்தல் உள்ள அடிக்குது. கீழ பாருங்க, இப்பவே கம்பெனி வண்டியெல்லாம் வரிசை கட்டிருச்சு. இப்பக் கெளம்புனீங்கன்னா வாக்கட் பிரிட்ஜுகிட்ட சிக்கி, கோர்படி போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது போயிரும். ஹிஞ்சேவாடியில ஆபீஸ் விடற நேரத்துல வெளிய எறங்கறவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். கூட்டம் அடங்கட்டும். டீ போடட்டுமா? வேண்டாமா? சியாமளாம்மாவுக்குத் தெரியவா போகுது? சரி, வேண்டாம்னா விடுங்க. தண்ணி வெக்கறேன், குடிச்சாக் குடிங்க.

ஆமாங்க, இது ஹேர் டிரையருதான். இதுலதான் சூடு காட்டறேன். நெருப்புப் பக்கத்துல கொண்டு போனா பேக்லைட்டு பொரிஞ்சுரும், இது பதமாச் சுடும். நம்ம தேஜுவோடதுதானுங்க. பாத்ரூம் அலமாரியில கெடந்துச்சு, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போன அம்மிணி இத மட்டும் மறந்துட்டா. நீங்க போறப்ப எடுத்துட்டுப் போங்க. இல்லீங்க, திருப்பிக் குடுக்கணும்னு சொல்லல. எனக்கு அதப் பாத்தா என்னமோ பண்ணுதுங்க. நேத்துக் கோர்ட்டுல, எல்லாம் முடிஞ்சு நான் படியில நிக்கறேன், நேரா என்கிட்ட வந்தா. மாமா, பிரஷர் மாத்திரை தீந்திருக்கும், வாங்கிக்கங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி போடறது வேற, பின்னாடி போடறது வேற, குழப்பிக்காதீங்க, அப்படீங்கறா. அவளுக்குத் தமிழ் சரியா வராது, தட்டுத் தடுமாறி, பாதி இந்தியில சொல்றா. அவளை நான் மருமகள்னு நெனச்சே பழகல சம்மந்தி. என்ன பொண்ணுங்க அது.

உங்களுக்கும் முரளின்னா உசுருதான், எனக்குத் தெரியும். அவன் வெங்காயம் தின்ன மாட்டான்னு உங்கூட்ல அவனுக்குன்னு தனிச் சட்டியில கொழம்பு வெப்பாங்க. ரெண்டுமே நல்ல புள்ளைங்க. குடி இல்ல, அடி இல்ல, வேற ஆளு இல்ல. ஒருத்தருக்கொருத்தர் புடிக்காமப் போச்சு, அம்புட்டுதான். கெட்டவன்னு ஒருத்தன் இருந்திருந்தா நாலு சாத்து சாத்தி நேராக்கியிருக்கலாம். இதுல யாரைப் போய்ச் சாத்தறது?

இந்த ரீலு வாங்குன நாள் ஞாபகம் இருக்குதுங்களா? கல்யாணம் முடிஞ்சு மொத ஞாயித்துக்கெழமை. நாங்க உங்கூட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தோம். கல்யாண மண்டபத்துல ஏசி ரூம் யாருக்குங்கற அக்கப்போர்ல நீங்களும் நானும் மூஞ்சியத் திருப்பிட்டு இருந்த நேரம். பொம்பளைங்க உள்ள பேசறாங்க, நாம ரெண்டு பேரும் ஹால்ல பேப்பரைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறோம். நீங்க திடீர்னு எந்திரிச்சு, சலா, வாங்க, ஜூனா பஜார் பழைய சாமான் சந்தை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம்னீங்க. அங்க ஒடைஞ்ச ஃபேனு, பழைய கொழாயி, துருப்புடிச்ச சைக்கிள் செயினு எல்லாம் தார்ப்பாயில குமிச்சு வெச்சிருந்தான். அந்தக் குமியில இது கெடந்துச்சு. நீங்களும் கைய நீட்டுனீங்க, நானும் கைய நீட்டுனேன். நீங்க வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்னு சொன்னீங்க, நான் பித்தளைத் தண்டு, உள்ள நல்லாத்தான் இருக்கும்னேன். அப்பவும் இது சுத்தல. நான் கழட்டறேன், நீங்க மீன் புடிக்கக் கத்துக் குடுங்கன்னு அங்கயே பேசி முடிச்சோம். விருந்துக்குத் திரும்பி வர்றப்ப நம்ம ரெண்டு பேர் கையிலயும் கரி. கனகவல்லி பட்டு வேட்டியப் பாத்துத் தலையில அடிச்சுக்கிட்டா.

அதுக்கப்பறம் எத்தனை ஞாயித்துக்கெழமைங்க! விடியக் கருக்கல்ல நீங்க கோர்படியில இருந்து வந்து ஹாரன் அடிப்பீங்க. போற வழியில காம்ஷேத்ல மிசள் பாவ் தின்போம், அப்பறம் பவனா டேம். மீனு மாட்டுச்சோ இல்லையோ, நீங்க தக்கையப் பாத்துட்டு கம்முனு உக்காந்திருப்பீங்க, நான் ஓயாமப் பேசிட்டு இருப்பேன். மீனெல்லாம் ஓடிப்போகுது ஐயா, பஸ், பஸ், போதும் போதும்னு கையெடுத்துக் கும்புடுவீங்க. எனக்கு வேலை செஞ்ச எடத்துல ஆளுங்க இருந்தாங்க, இந்த சொசைட்டியில ஆளுங்க இருக்கறாங்க, கோயமுத்தூர்ல பங்காளிங்க இருக்கறாங்க. ஆனா சும்மா பக்கத்துல உக்காந்திருக்கறதுக்குன்னு ஒரு ஆளு எனக்கு இந்த வயசுலதான் கெடச்சாரு. சொல்லிப்போட்டேன். நீங்க சங்கடப்படாதீங்க.

நாம பசங்க ரெண்டு பேத்தையும் டேமுக்குக் கூட்டிட்டுப் போனமே, போன தீவாளி முடிஞ்சு. பேச்சு வார்த்தை இல்லாம ரெண்டும் இந்த வீட்லயே தனித்தனியா சமைச்சுத் தின்னுட்டு இருந்த சமயம். நீங்கதான் ரோசனை சொன்னீங்க, வெளிக்காத்து பட்டாச் சரியாகும்னு. வண்டியில பின்னாடி ஆளுக்கொரு ஜன்னலைப் பாத்துட்டு வந்துச்சுங்க. தண்ணிகிட்ட போயும் ஒண்ணு இந்தக் கல்லு மேல, ஒண்ணு அந்தக் கல்லு மேல, ரெண்டும் போனை நோண்டுது. அப்பத்தான் மீனு கடிச்சுது பாருங்க! கிர்ர்ருனு இந்த ரீலு கத்துன கத்து இன்னும் காதுல கேக்குதுங்க. நீங்க அந்தப் பக்கம் தூரமாப் போயிருந்தீங்க, நான் எந்திரிக்கறதுக்குள்ள முரளி பாஞ்சு தூண்டிலப் புடிச்சுட்டான். தேஜு செருப்பை ஒதறிட்டு ஓடி வந்தா. விடு, விடு, நூலை விடு, இழுக்காதேன்னு அவ கத்தறா, நீ சுத்து, நான் புடிச்சுக்கறேன்னு இவன் கத்தறான். நாலு கையும் ஒரே தடியில. ரெண்டும் சேத்துல வழுக்கி உக்காந்து, ரீலும் சேத்துல முங்கி, மீனு நூலை அறுத்துட்டுப் போயே போச்சு. அதுங்க சிரிச்ச சிரிப்பிருக்குதே! நீங்க தூரத்துல இருந்து என்னையப் பாத்தீங்க, நான் உங்களைப் பாத்தேன். நான் அந்த நிமிசமே அய்யனாருக்குப் பொங்கல் வெக்கறதா வேண்டிக்கிட்டேன்.

அந்தச் சந்தோசத்துல ரீலைக் கழுவணும்னு ரெண்டு பேருக்குமே தோணல. சேத்தோட பையில போட்டுட்டோம். நீங்க வீட்டுக்குக் கொண்டு போய், துடைச்சு, தேங்காயெண்ணெ போட்டு, எடுத்து வெச்சுட்டீங்க. பொங்கலுக்கு மறு வாரம் பசங்க வக்கீலைப் பாத்துட்டாங்க. அப்பறம் நாம எங்க டேமுக்குப் போனோம்?

சுத்தலை, கழட்டிக் குடுங்கன்னு நீங்க இத அனுப்பி வெச்சது கூட, நம்ம ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்னுபோன சமயத்துலதான். அன்னிக்கு நீங்க மேல வரல. வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டுப் போயிட்டீங்க. நான் பால்கனியில இருந்து பாத்தேன், உங்க வண்டி திரும்பறது தெரிஞ்சுது. கூப்பிடலாம்னு நெனச்சேன். கூப்பிடல.

என்னங்க, கடிகாரத்தையே பாக்கறீங்க? இருங்க, இதோ, இந்தத் திருகு அசையற மாதிரி இருக்குது. சனியனே, வா. வரமாட்டேங்குது பாருங்க. திருப்புளி வாயி அகலமாப் போச்சு. வேற திருப்புளி எடுக்கறேன்.

ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. தேஜுவுக்கு வயசிருக்குதுங்க. நாளைக்கே நல்ல எடமா அமையும், அமையணும். நான் சாமி கும்புடறப்ப அதையுந்தான் சேத்துக் கும்புடறேன். அப்ப உங்களுக்குப் புதுசா ஒரு சம்மந்தி வருவாரு. அவரு எப்படிப்பட்ட ஆளா இருப்பாரு? கிரிக்கெட் பாக்கற ஆளா இருப்பாரு. இல்லாட்டி ஷேர் மார்க்கெட் பேசுவாரு. அவருக்கு எடது மறை எது, வலது மறை எதுன்னு தெரியுமா? காலங்காத்தால எந்திரிப்பாரா? எந்திரிக்க மாட்டாரு, நான் எழுதித் தர்றேன். நீங்க அவரையும் பவனாவுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா? நம்ம கல்லு மேல உக்கார வெப்பீங்களா? சும்மா கேட்டேன். கூட்டிட்டுப் போங்க, உங்க இஷ்டம். அந்தக் கல்லு என்ன என் பேர்லயா இருக்குது.

இருங்க, போன் அடிக்குது. ரீலை இங்க வெக்கறேன், தொடாதீங்க. கனகவல்லிதான். சொல்லு. ஆமா, இங்கதான் இருக்கறாரு. இல்ல, இன்னும் வரல, திருகு வரல. நீ எங்க இருக்கற? கீழயா? எப்ப இருந்து? அட, மழையில எதுக்கு அந்த பெஞ்சுல உக்காந்திருக்கற? மேல வா. வரமாட்டியா? பாலா? பால் இருக்குதான்னு நான் பாக்கல. அவரு டீ வேண்டாங்கறாரு. நீ கேட்டாக் குடிப்பாராக்கும். சரி, வாங்கிட்டு வா. வா, அழுதாலும் பரவால்ல, வா.

கீழதானுங்க உக்காந்திருக்கறாளாம், காய்ப் பையோட. உங்க வண்டி உள்ள வந்ததப் பாத்துட்டு... ஏனுங்க, என்ன பண்றீங்க? தொடாதீங்கன்னு சொன்னனே. வையுங்க, கீழ வையுங்க, அது இன்னும்...

சரி. சுத்துது.

சுத்துந்தானுங்க. ஏன் சுத்தாது? மோந்து என்னத்தப் பாக்கறீங்க, தேங்காயெண்ணெ வாசம் எங்க இருந்து வரும்? தையல் மிசின் எண்ணெதான் மணக்கும். ஒவ்வொரு பல்லாப் பழைய பிரஷ்ல தேய்ச்சு, தண்டுக்குப் பட்டுத்துணி போட்டுத் தொடைச்சு வெச்சிருக்கறேன். போன வாரமே கழண்டிருச்சுங்க. அன்னிக்கு அது கிர்ருனு சத்தம் போட்டப்ப நான் தனியா உக்காந்துட்டு ஏய், ஏய்னு சந்தோசத்துல கத்தறேன், கனகவல்லி அடுப்படியில இருந்து பயந்து ஓடி வர்றா. அவதான் சொன்னா, கோர்ட்டு சோலி முடியட்டும், அவருக்குப் போன் பண்ணுங்க, வாங்கிட்டுப் போயிருவாரு, அந்த டிரையரையும் இதையும் விட்டா இந்த வீட்ல அவங்க சாமான் வேற ஒண்ணும் இல்லைன்னு. வேற ஒண்ணும் இல்லையா? இது போயிருச்சுன்னா நீங்க இங்க வர்றதுக்கு என்னங்க இருக்குது? வாசல்ல நின்னு பையில வாங்குவீங்க, வர்றேன்னு கூடச் சொல்ல மாட்டீங்க, லிஃப்ட்டு வந்துரும். அதனாலதான் எல்லாத் திருகையும் மறுபடி மாட்டி இறுக்கி வெச்சேன். காலையில இருந்து நெனைக்கறேன், இதுக்குள்ள திரும்பவும் கொஞ்சம் தேங்காயெண்ணெ ஊத்திரலாமான்னு. மனசு வரல.

கோவமா? கோவப்பட்டா ரெண்டு வார்த்தை திட்டிப்போடுங்க, வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க. கையெழுத்துப் போட்டது அவங்க ரெண்டு பேரு. நீங்களும் நானும் எங்கயாவது கையெழுத்துப் போட்டமா? அந்த வக்கீலு நம்மளைக் கேட்டாரா? அவங்க கட்டிக்கிட்டப்ப நாம சம்மந்தியானோம், அவங்க விட்டுட்டப்ப நாம யாரு? தமிழ்ல ஒரு வார்த்தை இல்லீங்க. உங்க மராட்டியில இருக்குதா? வ்யாஹின்னு சொல்வீங்கல்ல, அறுத்துக்கிட்ட வ்யாஹிக்கு என்ன பேரு? அங்கயும் இல்லையா. போச்சு போங்க.

என் பேரு உங்களுக்குத் தெரியுமாங்க? ரவிச்சந்திரன். கல்யாணப் பத்திரிகையில பாத்திருப்பீங்க, ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. நானும் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. கூப்பிடக் கூடாதுங்க, மரியாதை இல்ல. ஆனா வேற வழி இல்லையே இப்ப. இருங்க, தொண்டையக் கனைச்சுக்கறேன். பாலச்சந்திரன். பாலச்சந்திரன், நீங்க ஞாயித்துக்கெழமை வர்றீங்களா?

அதையே சுத்திட்டு இருந்தா நான் என்னன்னு எடுத்துக்கறது? சொல்லுங்க. வரலைன்னாலும் சொல்லிருங்க. என்னது? இன்னும் டைட்டா இருக்குதுங்கறீங்களா? எங்க? குடுங்க பாப்போம். இதா? எங்கீங்க டைட்டு, வெண்ணெயாட்டம் சுத்துது, உங்க கையிலதான் பெலமில்ல, இதுக்கு மேல எவனாவது...

ஓ.

ஆமாங்க. ஆமா ஆமா. டைட்டாத்தான் இருக்குது. நாந்தான் சரியாப் பாக்கல. உள்ள எங்கயோ புடிக்குது. இப்படியே கொண்டு போனா நடுவுல நின்னு போயிரும். இது ஒரு நாள்ல ஆகற சோலி இல்லீங்க, ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கொண்டு போய்த் தண்ணியில போட்டுப் பாத்தாத்தான் எங்க புடிக்குதுன்னு தெரியும். இங்கயே இருக்கட்டும். சியாமளாம்மா கேட்டாங்கன்னா ரிப்பேர் முடியலைன்னு சொல்லுங்க, பொய் இல்லையே.

கண்ணுல தூசிங்க. ஹேர் டிரையர் காத்து. நீங்க அந்தப் பக்கம் பாருங்க.

லிஃப்ட்டு சத்தம் கேக்குது, கனகவல்லிதான் வர்றா. டீ குடிச்சுட்டுத்தான் போகணும், இனி நான் சொல்லல, அவ சொல்லுவா. இருங்க, அதுக்குள்ள இந்த கேட் ஆப்பை முடிச்சர்றேன், ஞாயித்துக்கெழமை கருக்கல்ல அவன் உங்களை நிக்க வெக்கக் கூடாது. கெஸ்ட்டுன்னு போட்டா ஒரு நாளைக்குத்தான் விடுவான். வேலைக்கு வர்றவங்கன்னு போட்டாத்தான் தெனமும் கேக்காம விடுவான். ரிப்பேர் ஆளுன்னு இருக்குது, அதுல போடறேன், கோவிச்சுக்காதீங்க. பேரு, பாலச்சந்திரன். வண்டி நம்பர் எனக்கே தெரியும். எந்த வீட்டுக்கு, நம்ம வீட்டுக்கு. வேலை எந்தத் தேதியில முடியும்னு கேக்குதுங்க.

அத ஒண்ணும் போடாம விட்டர்றேன்.